ஆஸ்கர் வந்த அன்று பொம்மன் எங்கே இருந்தார்?

2023 மார்ச் 13. காலையிலிருந்தே டிவியில் ஆஸ்கர்தான். 'நாட்டு நாட்டு' பாட்டுக்கு ஒன்று, முதுமலை யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்துக்கு ஒன்று. தெப்பக்காடு முகாமில் நிருபர்களிடம் பெள்ளிதான் பேசினார். பொம்மன் அங்கே இல்லை. நம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தார்.

காரணம் நம் பாலக்கோட்டுக்காரர்களுக்கு மறந்திருக்காது. மார்ச் 7 அன்று மாரண்டஅள்ளி பக்கம் காளிக்கவுண்டன்கொட்டாயில், பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பி, செத்துக் கிடந்த யானைகளையே சுற்றிச் சுற்றி வந்தன. அந்தக் குட்டிகளுக்காகத்தான் வனத்துறை பொம்மனை இங்கே வரவழைத்திருந்தது.

வேலி போட்ட விவசாயியைக் கைது செய்தார்கள். செய்தது குற்றம்தான், மனிதன் மிதித்திருந்தாலும் அதே கதிதான். ஆனால் ஒரே ராத்திரியில் மொத்த வெள்ளாமையையும் யானைக்குக் கொடுத்தவனின் வயிற்றெரிச்சல் காட்டோரத்தில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். டிவியில் அன்று முழுக்கப் பாசக்கதைதான், இந்தப் பக்கம் வரவே இல்லை.

அதே வாரம் பென்னாகரம் அருகே நீர்க்குந்தியில் ஒரு யானைக்குட்டி கிணற்றில் விழுந்தது. தூக்கி எடுத்தார்கள். கூட்டத்தோடு சேர்க்க முடியவில்லை. தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோய் பொம்மன், பெள்ளியிடமே ஒப்படைத்தார்கள். மார்ச் மாதக் கடைசியில் வயிற்றுப்போக்கு வந்து அது இறந்துபோனது.