ஆதுலர்சாலைக் கணக்கு: எண்ணாயிரம் முதல் திருமுக்கூடல் வரை ஒரு மறுவாசிப்பு

எண்ணாயிரமும் எசாலமும் பிரம்மதேசமும் விழுப்புரம் மாவட்டத்து அண்டை ஊர்கள். இவ்வட்டாரத்தின் கல்வி வரலாறு எண்ணாயிரம் கல்வெட்டிலிருந்தே (1917ஆம் ஆண்டுக் கல்வெட்டறிக்கை, எண் 333) எழுதப்பட்டு வருகிறது. அதே வட்டாரத்தில் இன்று திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துப் பட்டதாரிகளுக்கு மெடிக்கல் கோடிங், பில்லிங் ஆகியவை பிழைப்புக்கான படிப்புகளாகிவிட்டன. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஐசிடி-10 குறியீட்டையும் சிகிச்சைக்கு சிபிடி குறியீட்டையும் இட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் தொகை கேட்பதே இவ்வேலை. நோயாளிக்கும் செலவுத் தொகைக்கும் நடுவே நிற்கும் இந்த எழுத்துப் பணிக்குத் தமிழகத்தில் முன்வரலாறு உண்டா என்பதே என் கேள்வி.

இக்கேள்வியை எழவிடாமல் செய்தது கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் வாசிப்பு என்று கருதுகிறேன். 'சோழர்கள்' நூலில் அவர் எண்ணாயிரத்தை உயர்கல்லூரியாகக் காண்கிறார். திருபுவனையையும் திருமுக்கூடலையும் கல்வி என்ற அதே நோக்கில் விவரிக்கிறார். எண்ணாயிரத்தைப் பொறுத்தவரை இதில் பிழையில்லை. அங்கே 340 மாணவர், 14 ஆசிரியர். இளையோர் 270 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல்; இலக்கணமும் மீமாம்சையும் வேதாந்தமும் பயின்ற மூத்தோர் 70 பேருக்கு 1 குறுணி 2 நாழி. முதலாம் ராஜேந்திரன் காலத்து இந்த அறக்கொடையைப் பொதுவாக 1025ஐ ஒட்டி வைப்பர். முதலாம் ராஜாதிராஜனின் 30ஆம் ஆட்சியாண்டில் (1048) திருபுவனையில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர்.

திருமுக்கூடலுக்கு வரும்போதுதான் இவ்வாசிப்பு இடறுகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராஜேந்திரன் கல்வெட்டு (1915ஆம் ஆண்டறிக்கை, எண் 182) மாணவரையும் சொல்கிறது, 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலையையும் (மருத்துவமனையையும்) சொல்கிறது. கல்லூரி என்ற கண்ணோடு பார்த்தால் ஆதுலர்சாலை அதன் ஒட்டாகச் சிறுத்துவிடும். பின்னால் எழுதிய பலர் இன்னும் ஒருபடி போய் அங்கே மருத்துவமே கற்பிக்கப்பட்டது என்றனர். கல்வெட்டு அதற்கு இடம் தரவில்லை. மாணவர் பயின்றவை வேதமும் இலக்கணமும் ஆகமமும்; மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனின் பெயரோ ஆதுலர்சாலைப் பணியாளர் வரிசையில் வருகிறது. மருத்துவம் பயில்வோரைத் தெளிவாகச் சொல்லும் சான்று விக்கிரம சோழனின் 3ஆம் ஆட்சியாண்டில் (1121) திருவாவடுதுறையில்தான் கிடைக்கிறது. அங்கே அஷ்டாங்க ஹிருதயமும் சரக சம்ஹிதையும் படித்தோருக்கு உணவளிக்க ஏற்பாடு இருந்தது.

ஆகவே திருமுக்கூடல் கல்வெட்டை ஒரு வரவுசெலவுத் திட்டமாக வாசிக்க வேண்டும் என்கிறேன். ஆண்டுக்கு மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம். மருந்து மூலிகை கொணரும் இருவருக்கு 60 கலமும் 2 காசும். நோயாளியைப் பேணும் பெண்கள் இருவருக்கு 30 கலமும் 1 காசும். நாவிதருக்கு 15 கலம். கலத்துக்கு 12 குறுணி, ஆண்டுக்கு 360 நாள் என்று வகுத்துப் பார்த்தால் மிச்சமே வராது. மருத்துவருக்கு நாள் ஒன்றுக்கு 3 குறுணி. அறுவை செய்பவருக்கும் மூலிகை கொணர்வோர் ஒவ்வொருவருக்கும் 1 குறுணி. பேணும் பெண்களில் ஒவ்வொருவருக்கும் நாவிதருக்கும் 4 நாழி. நெல்லளவில் அறுவையும் மூலிகை தேடலும் ஒரே விகிதம் பெற்றன. பணிக்குப் பணி விகிதம் வகுத்து, நாட்கணக்கை ஆண்டுக்கணக்காக்கத் தெரிந்த ஒருவரின் கை இதில் தெரிகிறது.

மருந்துப் பட்டியலிலும் அதே கைதான். 15 நோயாளிகள் தங்கும் சாலைக்கு ஓராண்டு இருப்பாகச் சுமார் இருபது மருந்துகள். வாசாஹரீதகி, கோமூத்திரஹரீதகி போன்றவை படியால். தைலங்கள் தூணி முதலான முகத்தலளவையால். மண்டூரவடகமோ எண்ணிக்கையால், 2000. ஒவ்வொன்றுக்கும் நிலைத்த பெயர், அதற்குரிய அளவை, அதன் தொகை என்ற ஒழுங்கு குலையவே இல்லை. ஐசிடி அட்டவணை நோயை வகைப்படுத்துவது. இது மருந்தையும் பணியையும் வகைப்படுத்துவது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சிகிச்சையைக் கணக்கில் ஏறும் வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை இரண்டிலும் நடக்கிறது.

அந்தக் கணக்கர் எங்கே பயின்றார்? எண்ணாயிரத்தின் 340 பேரில் கணக்குக்கென்று ஒருவரும் இல்லை. திருபுவனை, திருமுக்கூடல் பாடங்களிலும் அது இல்லை. ஆனால் சோழர் வருவாய்த்துறையில் வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை எனப் பதவிகள் படிப்படியாக இருந்தன. ஊர்தோறும் கணக்கர் இருந்தனர். அறக்கொடையில் இடம்பெறாத ஒரு பயிற்சி, மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து ஏடு எழுதிப் பழகும் வழியில், இந்த வரிசைகளுக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும். பிற்காலத் திண்ணைப் பள்ளியின் எண்சுவடியும் நெல்லிலக்கமும் அதன் எச்சம் என்பது என் ஊகம். நடுவே பல நூற்றாண்டு இடைவெளி கிடப்பதால் அதை முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஊகத்தின் முதற்பாதியை விட்டுத்தர மனமில்லை. பயிற்சி இல்லாத கை 90 கலத்தையும் 15 கலத்தையும் ஒரே நாட்கணக்கில் பொருத்தியிருக்க முடியாது.

திருமுக்கூடல் கல்வெட்டின் 5ஆம் ஆட்சியாண்டை 1067–68 என்பதற்கு மேல் குறுக்க இயலவில்லை. எண்ணாயிரத்தின் காலமும் தோராயமே. எனவே எது எதிலிருந்து வளர்ந்தது என்று கோடு இழுப்பது சரியல்ல. ஒன்று மட்டும் உறுதி: வேதம் பயின்றவருக்கு 11ஆம் நூற்றாண்டிலும், மருத்துவம் பயின்றவருக்கு 12ஆம் நூற்றாண்டிலும் அறக்கொடை சோறு போட்டது, ஆதுலர்சாலைக் கணக்கு எழுதப் பயின்றவருக்கு யாரும் நிவந்தம் வைத்ததாக இக்கல்வெட்டுகள் சொல்லவில்லை. கோடிங் பயிலும் பட்டதாரி இன்றும் பெரும்பாலும் தன் கைப்பணத்தைக் கட்டியே படிக்கிறார். மருத்துவக் கல்வி வரலாற்றில் இப்பயிற்சிக்கும் ஓர் இயல் வேண்டும். அதற்கு ஆதுலர்சாலைக் கல்வெட்டுகளின் அளவுகளையும் விகிதங்களையும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.