மாறுகால் மாறுகை

போன வாரம் கிரிம் சகோதரர்களின் கதைத் தொகுப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1812-ல் வந்த முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் சித்தி இல்லை, பெத்த தாய்! 1819 பதிப்பில்தான் சித்தி ஆக்கினார்கள். குழந்தைங்க படிக்கிற புத்தகமாச்சே.

நம்ம ஊர்லயும் இந்த வேலை நடந்திருக்கு மக்கா. டி.கல்லுப்பட்டிப் பக்கம் மதுரை வீரன் கதை தெரியாதவங்க குறைவு. காசி ராஜா மகன், கொடி சுத்திப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் தம்பதியிடம் வளர்கிறான். பாளையக்காரர் மகள் பொம்மியைக் கூட்டிட்டு ஓடுறான். துரத்தி வந்த மாமனார் சண்டையில் சாகிறார். அப்புறம் மதுரையில் கள்ளர்களை அடக்க வந்தவன், வெள்ளையம்மாளைத் தேடிப்போன ராத்திரியில் திருடன்னு பிடிபட, மாறுகால் மாறுகை வாங்கிடுறாங்க. திருமலை நாயக்கர் (1623-1659) உத்தரவாம்.

எனக்கு இடிக்கிறது அந்தக் காசி ராஜாதான். அவரை மட்டும் தூக்கிட்டுப் படிச்சுப் பாருங்க. அருந்ததியர் வீட்டுப் பையன், பாளையக்காரர் வீட்டுப் பொண்ணு, கடைசியில் வெட்டு. பேப்பர்ல இன்னிக்கும் வர்ற செய்தி. ராஜ ரத்தம்னு சொல்லிட்டா பொம்மி வீட்டுக்கும் கௌரவம், கேக்கிறவனுக்கும் நிம்மதி. அங்கே அம்மாவை மாத்தினாங்க, இங்கே அப்பாவை. (1956-ல் வந்த எம்.ஜி.ஆர். படத்திலும் அவர் ராஜா மகன்தான்!)

செத்த வீரன் சும்மா இருக்கலை, ஊரையே ஆட்டி வச்சான், பயந்துபோய்தான் கோயில் கட்டினாங்க என்கிறது கதை. மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் அந்தச் சின்னச் சன்னதி இருக்கு. உள்ளே இல்லை, வாசல்ல. காவலுக்கு.