புது ரோடு வருது... காட்டையும் மீனையும் யார் கணக்கெடுப்பது? எப்போது? | விரிவான விளக்கம்

இரண்டு தூண்களுக்கு நடுவே எத்தனை மீட்டர் இடைவெளி இருக்கணும்? கேட்க சின்ன கேள்வியாகத் தெரியலாம். ஆனால் மும்பை வொர்லி கோலிவாடா மீனவர்கள் இந்த ஒரு கேள்விக்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். கடற்கரைச் சாலைக்காக அவர்களுடைய படகுகள் போகும் வழியில் பாலம் வந்தது. தூண்களுக்கு இடையே 60 மீட்டர் போதும் என்றது மாநகராட்சி. 200 மீட்டர் வேண்டும் என்றார்கள் மீனவர்கள். கடைசியில் கிடைத்தது 120 மீட்டர். அதுவும் வேலை பாதி நடந்த பிறகு!

இந்தக் கேள்வியை வரைபடம் போடும்போதே கேட்டிருந்தால்? ஒரு புதிய சாலைக்கு ரூட் போடும்போது காட்டு உயிர்களையும் மீன்வளத்தையும் எப்படி மதிப்பிடுகிறார்கள், எங்கே கோட்டை விடுகிறார்கள், நம்ம ஊர் வழியாக ரோடு வந்தால் நாம் என்ன கேட்கலாம்? பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2006 செப்டம்பர் 14-ல் மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிப்புதான் இதற்கு அடிப்படை. பொதுவாக புதிய தேசிய நெடுஞ்சாலை என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும், புதிய மாநில நெடுஞ்சாலை என்றால் மாநில அளவிலான ஆணையமும் அனுமதி தர வேண்டும்.

இதில் நான்கு கட்டங்கள் இருக்கு. முதலில், திட்டத்துக்கு முழு ஆய்வு தேவையா என்று பார்ப்பது. இரண்டாவது, எதையெல்லாம் ஆய்வு செய்யணும் என்று பட்டியல் போடுவது. மூன்றாவது, பொதுமக்கள் கருத்துக்கேட்பு. நான்காவது, நிபுணர் குழு பரிசீலனை.

இது தவிர, காட்டு நிலம் போகிறது என்றால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி அனுமதி. சரணாலயம், தேசியப் பூங்கா வழியாகப் போனால் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு பார்க்கணும். கடலோரம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி.

கவனிச்சீங்களா? காட்டுக்கு தனிச்சட்டம் இருக்கு, வாரியம் இருக்கு. ஆனால் ரோடு போடுவதற்கு மீன்வளத்துக்கென தனி அனுமதி எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அது தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் ஓர் அத்தியாயமாகவோ, கடற்கரை மண்டல வரைபடத்தின் ஓர் அடையாளமாகவோதான் வருது. அதனால் மீன் விஷயத்தில் அறிக்கை எழுதுபவர் எவ்வளவு அக்கறை எடுக்கிறாரோ, அவ்வளவுதான்.

காட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

'இந்தக் காட்டில் புலி இருக்கு, யானை இருக்கு' என்று பெயர்ப் பட்டியல் எழுதினால் மட்டும் போதாது. எந்த இடத்தில் ரோட்டைக் கடக்கும் என்பதுதான் ரூட் போடுபவருக்குத் தேவையான தகவல்.

அதற்கு மரங்களில் தானியங்கி கேமரா கட்டுகிறார்கள். குறிப்பிட்ட பாதைகளில் நடந்து கால்தடம், எச்சம், யானைச் சாணம், மரத்தில் உரசிய அடையாளம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். ஏற்கெனவே அருகில் ரோடு இருந்தால், வண்டியில் அடிபட்டு இறந்த விலங்குகளை கிலோமீட்டர் வாரியாகக் கணக்கெடுக்கிறார்கள். எந்தக் கிலோமீட்டரில் அதிகம் சாகிறதோ, அதுதான் அவற்றின் வழி.

பெரிய விலங்கை மட்டும் பார்த்தாலும் தப்பு. தவளை, பாம்பு, ஆமைக்கு ரோடே ஒரு சுவர் மாதிரி. சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவிப் போகும் உயிரினம். ரோட்டுக்காக மரக்கிளைகளின் தொடர்ச்சி அறுந்தால் தரையில் இறங்கித்தான் ஆகணும். வால்பாறை புதுத்தோட்டம் பகுதியில் ரோட்டுக்கு மேலே அவற்றுக்காகக் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருப்பது இதனால்தான்.

ஆற்றிலும் கடலிலும் என்ன பார்க்கணும்?

ஆற்றைப் பொறுத்தவரை பெரிய பாலத்தைவிட சின்னக் குழாய்தான் பல இடங்களில் வில்லன். ஓடையின் மேல் ரோடு போகும்போது செலவு குறைய சிமெண்ட் குழாய் புதைத்து மேலே மண் கொட்டுகிறார்கள். குழாயின் வாய் ஓடைத் தரையைவிட உயரத்தில் தொங்கினால், முட்டையிட மேல்நோக்கிப் போகும் மீன் அங்கேயே நின்றுவிடும். குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் வேகம் கூடும். சின்ன மீனால் எதிர்த்து நீந்த முடியாது.

அடுத்தது மண். சரிவுகளை வெட்டும்போது மழையில் கரையும் மண் கூழாங்கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும். அங்கே மீன் இட்ட முட்டைக்கு ஆக்சிஜன் கிடைக்காது.

கடலோரத்தில் முக்கியமான இடம் முகத்துவாரம். பல வகை இறால் கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வந்து, வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். பாலத்தின் தூணும் கரையும் அந்த வாயைச் சுருக்கினால், நீரோட்டம் மாறி மணல் சேரும். பாதிப்பு பாலத்துக்குக் கீழே நிற்காது. உள்ளே கழியில் வலை வீசுபவரின் கூடை வரை போகும்.

மீன்வள ஆய்வில் மீனை மட்டும் எண்ணினால் பாதி வேலைதான் முடியுது. படகு எந்த வழியாகப் போகுது, வலை எங்கே காயுது, மீன் எங்கே ஏலம் போகுது, தண்ணீர் வற்றும்போது பாறைகளில் சிப்பி பொறுக்கும் பெண்கள் யார்? இதெல்லாம் கணக்கில் வரணும். 2011 கடற்கரை மண்டல அறிவிப்பே மீனவர் குடியிருப்பு, படகுத்துறை, மீன் உலர்த்தும் களம் போன்றவற்றை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது.

எந்த மாதம் கணக்கெடுத்தீங்க?

அறிக்கையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டிய விஷயம் இது. வழக்கமாக அடிப்படைத் தகவல்களை ஒரே ஒரு சீசனில், அதுவும் மழைக்காலம் அல்லாத சீசனில் சேகரிக்கிறார்கள். காற்று மாசு, ஒலி அளவுக்கு அது சரியாக இருக்கலாம். உயிர்களுக்கு?

ஆற்று மீன்களில் பல மழைக்காலத்தில்தான் முட்டையிடும். தவளைகள் மழையில்தான் வெளியே வரும். கோடையில் போய்ப் பார்த்தால் ஓடையே இருக்காது. 'மீன் இல்லை' என்று எழுதிவிடலாம்.

நம்ம கடற்கரையையே எடுத்துக்கோங்க. சென்னையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் கரையேறி முட்டையிடுவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஜூலையில் கணக்கெடுத்தால் ஆமை கிடையாது. அதேபோல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் துறைமுகத்துக்குப் போனால் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அதை வைத்து 'இங்கே படகுப் போக்குவரத்து குறைவு' என்று எழுதினால் எப்படி இருக்கும்?

கேட்டதால் நடந்தது: பெஞ்ச்

முறையாகக் கேட்டால் பலன் இருக்கு என்பதற்கு உதாரணம், பெஞ்ச் புலிகள் காப்பகப் பகுதி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44. ஏற்கெனவே இருந்த ரோட்டை நான்கு வழியாக்கும் திட்டம் அது. கான்ஹா - பெஞ்ச் காடுகளுக்கு இடையே புலிகள் நடமாடும் வழியை வெட்டுகிறது என்று விஷயம் நீதிமன்றங்கள் வரை போனது. விளைவாக மகாராஷ்டிரப் பகுதியில் 9 இடங்களில் ரோட்டைத் தூக்கிக் கட்டி, அடியில் விலங்குகளுக்கு வழி விட்டார்கள். அகலம் 50 மீட்டர் முதல் 750 மீட்டர் வரை.

2019 மார்ச் முதல் டிசம்பர் வரை இந்திய வன உயிரின நிறுவனம் அங்கே கேமரா வைத்துப் பார்த்தது. 18 வகை விலங்குகள் அந்த வழியைப் பயன்படுத்தின. 11 புலிகள் 89 முறை கடந்திருந்தன.

'அப்போ பாலம் கட்டினால் பிரச்னை தீர்ந்தது, எந்தக் காட்டிலும் ரோடு போடலாமா?' என்றால், இல்லை. இதே நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் முதல் விதியே, முடிந்தால் காட்டைத் தவிர்த்து வேறு ரூட் பார் என்பதுதான். அது முடியாதபோதுதான் அடிவழி, மேல்வழி எல்லாம்.

பிரச்னை எங்கே? வரிசையில்!

ரூட் மாற்ற வேண்டும் என்றால், ரூட் முடிவாகும் முன்பே தகவல் வேண்டும். ஆனால் நடைமுறையில் பல நேரம் கோடு முதலில், ஆய்வு பிறகு.

சென்னை - சேலம் எட்டு வழிச்சாலை வழக்கின் மையமே இதுதான். 277 கிலோமீட்டர் திட்டம் அது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமல் நிலம் கையகப்படுத்த வெளியிட்ட அறிவிப்பை 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் வேறு முடிவு சொன்னது. நிலம் எடுக்கும் முதல் அறிவிப்புக்கு முன்பே அனுமதி வாங்கணும் என்று அவசியமில்லை. வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது.

சட்டப்படி அது சரி. ஆனால் கல் நட்டு, சர்வே எண் வெளியிட்ட பிறகு வரும் ஆய்வு, ரூட்டையே மாற்றும் வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலும் 'எங்கே பாலம் கட்டலாம், எத்தனை மரம் நடலாம்' என்பதோடு நின்றுவிடும்.

வொர்லியில் நடந்தது என்ன?

மும்பை கடற்கரைச் சாலையின் தெற்குப் பகுதி சுமார் 10.58 கிலோமீட்டர். 2018-ல் வேலை தொடங்கியது. 2019 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் கடற்கரை மண்டல அனுமதியை ரத்து செய்தது. 2006 அறிவிப்பின்படி சுற்றுச்சூழல் அனுமதியும், வன உயிரினப் பாதுகாப்புச் சட்ட அனுமதியும் இல்லாமல் வேலை கூடாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதிக்க, வேலை மீண்டும் ஆரம்பித்தது. ரூட்டில் இருந்த பவளங்களை 2020-ல் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தார்கள்.

மீனவர்களின் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. காற்றும் நீரோட்டமும் படகைத் தள்ளும். கடலில் நேர்கோட்டில் போக முடியாது. எதிரே இன்னொரு படகும் வரும் என்பது அவர்கள் வாதம். 2022 டிசம்பரில்தான் மாநில அரசு இறங்கி வந்து ஒரு தூணைக் கைவிட ஒப்புக்கொண்டது. இடைவெளி 60-லிருந்து 120 மீட்டர் ஆனது. அதற்காகப் பாலத்தின் வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது.

தினமும் அந்த வழியாகப் படகு ஓட்டுபவருக்குத் தெரிந்த தகவல் இது. கேட்டிருந்தால் போதும்.

உங்க ஊர் வழியா ரோடு வருதா? இதைக் கேளுங்க

✦ வேறு எந்தெந்த ரூட்களைப் பார்த்தீர்கள்? ஒவ்வொன்றிலும் காடு எவ்வளவு, ஏரி எவ்வளவு, செலவு எவ்வளவு?

✦ எந்தெந்த மாதங்களில் கணக்கெடுத்தீர்கள்? மழைக்காலத்தில் ஒருமுறையாவது வந்தீர்களா?

✦ மீன்பிடிப்பவர்கள், ஆடு மாடு மேய்ப்பவர்கள், வனத்துறைக் காவலர்கள் யாரிடம் பேசினீர்கள்? அவர்கள் சொன்னது அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கு?

✦ எத்தனை ஓடைகளைக் கடக்கிறது? எங்கே பாலம், எங்கே குழாய்?

✦ ரோட்டுக்கு மண் எங்கிருந்து வரும்? ரோடு போன்ற திட்டங்களுக்கு சாதாரண மண் எடுக்க சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று 2020-ல் கொடுத்த விலக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

எங்கே கேட்பது? கருத்துக்கேட்புக் கூட்டத்தை நடத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குறைந்தது 30 நாள் முன்பே அறிவிக்கணும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்கணும். கூட்டம் வீடியோ எடுக்கப்படும். நேரில் போக முடியாதவர்கள் எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். ஒரு விஷயம்: புதிதாக நிலம் எடுக்காத சாலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்பு கிடையாது.

விண்ணப்பங்களையும் அறிக்கைகளையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பார்க்கலாம். அனுமதி கொடுத்த பிறகும் ஆட்சேபம் இருந்தால் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு.

கூட்டத்துக்குப் போகும்போது 'ரோடு வேண்டும், வேண்டாம்' என்பதோடு நின்றுவிடாதீங்க. யானை எந்த இடத்தில் கடக்குது, எந்த மாதத்தில் இறால் குஞ்சு உள்ளே வருது, அலை இருக்கும்போது படகு எத்தனை மீட்டர் ஒதுங்குது என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்க. கூட்டத்தில் சொன்னது எல்லாம் பதிவாகி நிபுணர் குழுவின் மேசைக்குப் போகும். கோடு காகிதத்தில் இருக்கும்வரை அதை அழிக்க ஒரு ரப்பர் போதும். தூண் இறங்கிய பிறகு என்ன ஆகும் என்பதை வொர்லியில் பார்த்தாச்சு.