ஏழு பேருக்கு ஒரு ரயில் தேவையா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் போனில் சொன்னார்: "ஐயா, எங்க டீம்ல மொத்தமே ஏழு பேர். நூறு பேருக்குச் செஞ்ச முறையை எங்க தலையில கட்டிட்டாங்க. வாரத்துல பாதி நாள் மீட்டிங்லயே போகுது." அந்த முறைக்குப் பெயர் 'ஸேஃப்' என்றார். எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது. விசாரித்துப் படித்துப் பார்த்ததில், இது நம் தொடக்கப் பள்ளிகளில் நடந்த கதைதான் என்று தெரிந்தது.

முதலில் அவர்கள் கதை. 1986இல் டகெயுச்சி, நோனாகா என்ற இரண்டு ஜப்பானியப் பேராசிரியர்கள் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். புதுப் பொருளை உருவாக்குபவர்கள் தொடர் ஓட்டத்தில் கோலைக் கைமாற்றுவது போல வேலையைத் தள்ளிவிடாமல், ரக்பி ஆட்டக்காரர்கள் போல ஒன்றாக நகர வேண்டும் என்பது அதன் சாரம். 'ஸ்க்ரம்' என்பது அந்த ஆட்டத்துச் சொல். 1995இல் ஜெஃப் சதர்லாந்தும் கென் ஷ்வேபரும் அதை மென்பொருள் வேலைக்கான முறையாக முன்வைத்தார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி 'அஜைல்' அறிக்கையை எழுதினார்கள். விதிமுறையைவிட மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதே பெரிது என்பதுதான் அதில் முதல் கருத்து. எல்லாம் சின்னக் குழுவை மனதில் வைத்துப் பிறந்தவை.

பெரிய நிறுவனத்தில் ஒரே பொருளைப் பத்துக் குழுக்கள் செய்யும்போது, ஒரு குழு முடிக்காமல் அடுத்தது கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்ய 2011இல் டீன் லெஃபிங்வெல் ஸேஃப் முறையை வெளியிட்டார். அதில் 50 முதல் 125 பேர் சேர்ந்தால் ஒரு 'ரயில்'. 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறை எல்லாரும் கூடி இரண்டு நாள் திட்டமிட வேண்டும். ரயிலை ஓட்டத் தனிப் பொறுப்பாளர் வேறு.

இனி நம் கதை. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி இருக்கிறது. சுற்றுக் கிராமங்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவ், ரமா தம்பதியர் அங்கே ஒரு முறையை வகுத்தார்கள். பாடத்தைச் சின்னப் படிகளாக உடைத்து, ஏணியாக வரைந்து, படிக்கு ஓர் அட்டை. குழந்தை தன் வேகத்தில் ஏறும். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் அதை 13 பள்ளிகளில் தொடங்கினார். அடுத்த ஆண்டே மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் போனது. 2007-08இல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் மாநிலம் முழுக்கச் சுமார் 37,000 தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. நாம் அப்போது விழுப்புரம் மாவட்டம்.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆசிரியர் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அறுவடைக்குப் பெற்றோரோடு போய் மூன்று வாரம் கழித்து வரும் மலைக் குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. அதற்கு முன் அந்தக் குழந்தைக்கு அப்படி ஒரு வழியே இல்லை.

சிக்கல் ஆறு குழுக்களில் வந்தது. ஆசிரியர் உதவியோடு படிப்பவர்கள், சக மாணவர் உதவியோடு படிப்பவர்கள், தானே படிப்பவர்கள் என்று பிரித்து உட்கார வைக்க வேண்டும். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் அது அழகாக நடந்தது. நான் அப்போது கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் இருந்தேன். நான்கு வகுப்புக்கும் சேர்த்துப் பதினான்கு பிள்ளைகள். இங்கே இரண்டு பேர், அங்கே மூன்று பேர். சக மாணவர் உதவியோடு படிக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண் குழந்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். உதவச் சக மாணவரே இல்லை! பார்வைக்கு வந்தவர் ஆறு குழு இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போனார்.

வேடிக்கையைப் பாருங்கள். ஓராசிரியர் பள்ளிக்காகப் பிறந்த முறை, சென்னை போய்த் திரும்பி மலைக்கு வந்தபோது சின்னப் பள்ளிக்கே பொருந்தவில்லை. 37,000 பள்ளிகளை மேலிருந்து பார்ப்பவருக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எண்ணக்கூடிய ஏதோ ஒன்று வேண்டும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வேறெப்படி மேற்பார்வை செய்வது? நாங்கள் ஏணியையும் அட்டையையும் விடவில்லை. ஆறு குழுவை மட்டும் இரண்டு வட்டமாக்கிக்கொண்டோம். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஆள் கிடைத்தது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றே நிலைதான்.

மென்பொருள் பிள்ளைகளே, தினமும் நின்றபடி பத்து நிமிடம் பேசுவது, வேலையை எல்லார் கண்ணிலும் படும் பலகையில் ஒட்டுவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்ததைக் காட்டிக் குறைநிறை பேசுவது, இவை உங்கள் ஏணியும் அட்டையும். அவற்றை விடாதீர்கள். இரண்டு நாள் கூட்டமும் ரயில் பொறுப்பாளரும் குழுக்கள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதற்கான மருந்து. ஸ்க்ரமைத் தந்த ஷ்வேபரே 2013இல் ஸேஃபைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். ஆனால் உங்கள் ஏழு பேர் ஒரே பொருளைச் செய்யும் பத்துக் குழுக்களில் ஒன்று என்றால், ரயிலில் ஏறத்தான் வேண்டும். ஒரே ஒரு குழுவோடு மட்டும் தொடர்பு என்றால் ஒருவர் நடந்து போய்ப் பேசிவிட்டு வரலாம்.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம். கடந்த மூன்று மாதத்தில் உங்கள் குழு வேறு எந்தக் குழுவுக்காக, எத்தனை நாள் காத்திருந்தது என்று எண்ணி எழுதுங்கள். மலைப் பள்ளியில் படித்த பிள்ளைகள் முதலில் எழுதட்டும்.