சயாமுக்குப் போனவர்கள்: எஞ்சினின் எண்ணும் உழைத்தோரின் பெயரும்

ரயிலுக்கு மலாய்மொழியில் 'கெரெத்தா அப்பி' என்று பெயர். சீனத்தில் 'ஹுவோ சே'. தாய்லாந்து மொழியில் 'ரொட் ஃபை'. மூன்றுக்கும் பொருள் நெருப்பு வண்டி என்பதே. தமிழ் மட்டும் அதைப் புகைவண்டி என்றது. அண்டை மொழியினர் உலையைப் பார்த்துப் பெயரிட்டனர். நம்மவர் தொலைவில் நின்று புகைபோக்கியைப் பார்த்தனர் போலும். பெயர்களைப் பற்றிய இவ்வுரையை ஒரு பெயரிலிருந்தே தொடங்குவது பொருந்தும்.

பணி ஓய்வுக்குப் பின் நண்பர் இருவருடன் சிராங்கூன் சாலையிலிருந்து காரில் புறப்பட்டு, தாய்லாந்தின் காஞ்சனபுரி வரை நாங்கள் சென்று வந்தோம். பழைய ரயில் தடத்தை இயன்றவரை ஒட்டிச் செல்வதே திட்டம். சிங்கப்பூரில் அத்தடம் 1903இல் டேங்க் ரோட்டில் தொடங்கியது. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூசக் காவடிகள் சென்றடையும் தெண்டாயுதபாணி கோயிலின் அக்கம்பக்கத்தில்தான் அந்நாளைய நிலையம் இருந்தது. 1932 மே மாதம் தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு புறப்பட்டதை மாணவர்களின் பெற்றோர் பலர் நேரில் கண்டிருப்பர்.

1942 ஜூன் மாதம் அதே சிங்கப்பூரிலிருந்து வேறு வகை ரயில்கள் புறப்பட்டன. சாங்கி முகாமின் போர்க்கைதிகளை இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, நீராவி எஞ்சின்கள் தாய்லாந்தின் பான் போங் வரை இழுத்துச் சென்றன. அங்கிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை அமைக்க ஜப்பானியப் படை முடிவு செய்திருந்தது. மலாயா, தாய்லாந்து, பர்மா மூன்றிலும் மீட்டர் கேஜ் பாதையே இருந்ததால், ஓரிடத்துத் தண்டவாளத்தை மற்றோரிடத்தில் இட முடிந்தது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையில் ஒரு பெரும்பகுதியைப் பெயர்த்தெடுத்து அங்கே கொண்டுபோனார்கள். தண்டவாளத்துக்குப் பின் ஆட்கள்.

1943இல் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பெருந்தொகையாகக் கொண்டுசெல்லப்பட்டனர். கூலியும் அரிசியும் தருவதாகச் சொல்லிச் சிலரை அழைத்தனர். பலரை வலிந்து ஏற்றினர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றதாகக் கணக்கு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். அவ்வாண்டின் மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகப் பரவியது. கைதிகளிடையே படை மருத்துவர்களேனும் இருந்தனர். தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 1943 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் இணைந்தன. அதுவரை மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகையைப் பல்லாயிரம் என்று மட்டுமே உறுதியாகச் சொல்லலாம். அறிஞர்களின் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. எண்ணி வைத்தவர் இல்லை என்பதே அவ்வேறுபாட்டின் பொருள்.

காஞ்சனபுரியில் ஆற்றுப்பாலத்தின் அருகே பழைய நீராவி எஞ்சின்கள் திறந்தவெளியில் நிற்கின்றன. பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். எங்கள் நண்பர் ஒருவரும் ஏறினார். அறுபது வயதில் அதையும் செய்யத்தான் வேண்டும். ஜப்பான் இப்பாதைக்கெனச் சி 56 என்னும் வகையில் 90 எஞ்சின்களை அனுப்பியது. அவற்றுள் 31ஆம் எண் எஞ்சின் பாதைத் திறப்பு விழாவில் ஓடியது. 1979இல் ஜப்பானுக்குத் திரும்பிய அது இன்று தோக்கியோவில் யாசுக்குனி ஆலயத்தைச் சேர்ந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 44ஆம் எண் எஞ்சினும் அவ்வாண்டே தாயகம் திரும்பி மீண்டும் பயணிகளை இழுத்தது. எந்த எஞ்சின் எங்கே ஓடியது, எப்போது திரும்பியது என்று இரும்பின் வரலாறு இவ்வளவு துல்லியமாகக் கிடைக்கிறது.

ஊரின் நடுவே போர்க்கல்லறை உள்ளது. ஏறத்தாழ 7,000 கைதிகள் அங்கே அடக்கம். பெரும்பாலான கற்களில் பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்திருக்கின்றன. அடுத்துள்ள தாய்லாந்து-பர்மா ரயில் மையம் 2003இல் தொடங்கியது. கைதிகளின் வழித்தோன்றல்கள் கேட்டால், அவர் எம்முகாமில் இருந்தார் என்று தேடித் தருகிறது. தமிழ்த் தொழிலாளரின் பேரன் போய்க் கேட்டால் எதை வைத்துத் தேடுவது? தோட்டத்துப் பெரட்டில் கிராணி ஆங்கில எழுத்தில் குறித்த ராமசாமிகளும் முனுசாமிகளும் எத்தனையோ பேர். தந்தை பெயரோ ஊர்ப்பெயரோ இல்லாமல் ஒரு ராமசாமியை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய வழியில்லை.

2023 மே முதல் நாள் காஞ்சனபுரியின் தவோன் வராராம் கோயில் வளாகத்தில் அவர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. நினைவுத்தூண் என்று சொல்லாமல் நடுகல் என்னும் சொல்லைத் தேர்ந்தது பொருத்தமே. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறிப்பது சங்ககால வழக்கம். தொல்காப்பியம் அதன் படிநிலைகளையே வகுத்துரைக்கிறது. ஆயினும் இந்நடுகல் அனைவருக்கும் பொதுவாக நிற்கும் கல். ஆயிரக்கணக்கானோர்க்கு ஒரு கல் நடலாம். பொறிப்பதற்கு ஒவ்வொருவர் பெயரும் வேண்டுமே.

அப்பெயர்கள் வீடுகளில் இருந்தன. இதை நாங்கள் தெரிந்தே சொல்கிறோம். 1980களின் தொடக்கத்தில், ஆய்வு மாணவர்களாக இருந்தபோது, ஜொகூர்த் தோட்டமொன்றில் பேச்சுத்தமிழைப் பதிவு செய்யச் சென்றோம். அறுபது வயது அம்மா ஒருவர் எங்களை உட்காரவைத்து, தம் லயத்திலிருந்து சயாமுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஆட்களை வரிசையாகச் சொன்னார். இன்னார் மகன், இன்ன வீடு, திரும்பி வந்தாரா இல்லையா என்று ஒருவர் விடாமல் சொன்னார். அந்நாடு 1939லேயே தாய்லாந்து எனப் பெயர் மாறியிருந்தும் அவர் வாயில் சயாம்தான். எங்கள் குறிப்பேட்டில் அது இருக்கிறது: 'சியாம்' என்னாமல் 'சயாம்' என்கிறார், முதலசையின் இகரம் அகரமாகிறது, 'சயாமுக்கு' என்று உருபேற்கிறது. உயிரொலிக் குறிப்பு ஒரு பக்கம் முழுவதும் உள்ளது. பெயர்களை எழுதிக்கொள்ளவில்லை. ஒலிநாடாவும் பின்னாளில் பூசணம் பிடித்துப் போயிற்று.

சிங்கப்பூரில் வாய்மொழி வரலாற்றுப் பதிவு 1979இல் தொடங்கியது. சப்பானியர் காலத்தைப் பற்றித் தமிழில் பேசியவர்களின் குரல்களும் அத்தொகுப்பில் உள்ளன. சயாம் சென்று மீண்டவர்களின் மக்களும் பேரர்களும் இன்றும் சிராங்கூன் கடைத்தெருவில் நம்மைக் கடந்து போகிறார்கள். மாணவர்கள் அவர்களிடம் கேட்கச் செல்லும்போது பெயர், தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், போன ஆண்டு ஆகிய நான்கையும் முதலில் எழுதிக்கொள்ளட்டும். இகரம் அகரமானதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.