எத்தனை நாளைக்குக் காவல்?



1980 யூலை. அப்பா கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் எழுதுவினைஞர். 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின, அவரும் இறங்கினார். அரசாங்கமோ வேலைக்கு வராதவர்கள் தாமாகவே பதவியை விட்டுவிட்டதாகக் கருதப்படுவர் என்றது. ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தனர். நாங்கள் அகதியான கதையை எல்லோரும் 1983 இல் இருந்து தொடங்குவோம். எங்கள் வீட்டில் அது மூன்று வருடம் முன்னரே தொடங்கிவிட்டது.

இந்த நாட்டில் வேலைநிறுத்தம் செய்தால் வேலை போகுமா? இதற்கான விடை சான் பிரான்சிஸ்கோவில் இருந்து வந்தது, அதுவும் ஒரு வானொலித் தந்தி நிறுவனத்தில் இருந்து.

1935 இல் வந்த தேசிய தொழில் உறவுகள் சட்டம் தனியார் துறைத் தொழிலாளரின் வேலைநிறுத்த உரிமையை ஏற்றுக்கொண்டது. அதே வருடம் ஒக்ரோபரில் மக்கே ரேடியோ நிறுவனத்தின் தந்தியாளர்கள் வேலையை நிறுத்தினர். நிறுவனம் வேறு நகரங்களில் இருந்த தன் ஆட்களைக் கொண்டுவந்து கதிரைகளை நிரப்பியது. போராட்டம் தோற்றுத் திரும்பியவர்களில், சங்க வேலையில் முன்நின்ற ஐந்து பேருக்கு மட்டும் இடமில்லை என்றது. 1938 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த ஐவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் கூடவே, புதிதாகச் சேர்த்தவர்களை விலக்கிப் பழையவர்களுக்கு இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்றும் சொன்னது. வென்றவர்கள் ஐந்து பேர். அந்த இரண்டாவது வசனத்தால் பாதிக்கப்பட்டவர்களோ கணக்கில்லை.

அதன்படி, சட்டத்துக்கு உட்பட்டு வேலைநிறுத்தம் செய்தவரை அதற்காக நீக்க முடியாது. ஆனால் சம்பளத்துக்காகவோ சலுகைகளுக்காகவோ நிறுத்தினால், அவர் இடத்துக்கு முதல் நாளே நிரந்தரமாக ஆள் வைக்கலாம். அவர் அடுத்த வெற்றிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். முதலாளியின் சட்டமீறலை எதிர்த்து நிறுத்தியவருக்கு மட்டும் இடத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும்.

பிரித்தானியா நாட்கணக்கில் காவல் வைத்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வாரம் பாதுகாப்புத் தந்தது. வேல்சில் பிரிக்ஷன் டைனமிக்ஸ் ஆலையில் 2001 இல் எட்டு வாரம் கடந்ததும் 86 பேர் நீக்கப்பட்டனர். 2004 ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பன்னிரண்டு வாரமாக நீட்டியது. 2025 இல் நிறைவேறிய சட்டம் அந்த எல்லையையே எடுத்துவிட வழிசெய்தது.

காவல் இருந்தாலும் அடுப்பெரியக் காசு வேண்டுமே. நியூஜேர்சி 2018 இல், 30 நாள் கடந்த வேலைநிறுத்தக்காரருக்கு வேலையின்மைக் காப்புறுதிப் பணம் கிடைக்க வழிசெய்தது. 2023 இல் அது 14 நாளாகக் குறைந்தது. அதே வருடம் கலிபோர்னியா சட்டமன்றம் இதுபோன்ற சட்டத்தை நிறைவேற்றியும் ஆளுநர் ஒப்பமிட மறுத்துவிட்டார்.

நியூஜேர்சிக்கு வந்தபின் அப்பா ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தார். சங்கத்தில் சேரும் படிவம் மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. நாலாம் நாள் கையெழுத்து வைத்தார். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம்தான். ஆனா இஞ்சையும் வாய் திறக்காமல் இருந்தால், அங்கை கலைச்சவங்கள் வெண்ட மாதிரிப் போயிடும்" என்றார்.