பனிக்கட்டியைத் துளைக்கும் எஞ்சின்: மூன்று கேள்விகளின் வரலாறு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் மில் லாக்ஸ் என்ற பெரிய ஏரி ஒன்று உள்ளது. குளிர்காலத்தில் அதன் மேற்பரப்பு உறைந்து தரைபோல் ஆகிவிடும். மக்கள் அதன்மீது நடப்பார்கள்; பனிக்கட்டி போதிய கனம் பெற்றதும் வண்டிகளையும் ஓட்டிச் செல்வார்கள். கரையிலிருந்து வெகு தொலைவில், பனிக்கட்டியில் ஒரு துளையிட்டு, அதன் வழியே தூண்டிலை இறக்கி மீன் பிடிப்பார்கள். கனடா, பின்லாந்து, ரஷ்யா முதலிய நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு.

துளையிடுவதற்குத் தச்சரின் துரப்பணம் போன்ற பெரிய திருகு அலகும், அதன் தலையில் ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சினும் கொண்ட கருவி பயன்படுகிறது. இதைப் பனித் துளைப்பான் எனலாம். காற்றின் வெப்பநிலை −20° செ. மீனவர் எஞ்சினின் கயிற்றை இழுக்கிறார். எஞ்சின் கிளம்பவில்லை. பத்து முறை, இருபது முறை இழுத்தும் பயனில்லை. கை மரத்துப் போகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

தேர்ந்த மெக்கானிக் இதற்கு மூன்று கேள்விகளில் விடை தேடுவார். தீப்பொறி வருகிறதா? எரிபொருள் வருகிறதா? அமுக்கம் இருக்கிறதா? இம்மூன்றும் பட்டறையில் பிறந்த கேள்விகள் அல்ல. எஞ்சினைப் படைத்தவர்கள் தத்தம் காலத்தில் விடை காண முயன்ற கேள்விகளே இவை. அவர்கள் கண்ட ஒவ்வொரு விடையும் ஒரு பயனைத் தந்தது. கூடவே ஒரு புதிய பழுதையும் கொண்டு வந்தது. அவ்வரலாற்றை அறிந்தால் பழுது பார்க்கும் முறை தானே விளங்கும்.

பனிக்கட்டிக்குக் கீழே

ஏரி உறைந்தால் மீன்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று நீங்கள் கேட்கலாம். நீர் 4° செ. வெப்பநிலையில்தான் மிகுந்த அடர்த்தி உடையது. அதற்கும் கீழே குளிர்ந்த நீர் இலேசாகி மேலே நிற்கும். முதலில் உறைவது அதுவே. பனிக்கட்டியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.917 கிராம், ஆகவே அது மிதக்கிறது. அதன் அடியில், ஏறக்குறைய 4° செ. வெப்பநிலையில் உள்ள நீரில் மீன்கள் வாழ்கின்றன.

பழங்காலத்தில் நீண்ட பிடியுள்ள இரும்பு உளியால் பனிக்கட்டியைக் கொத்தினார்கள். பிறகு கையால் சுழற்றும் திருகுத் துளைப்பான்கள் வந்தன. இவ்வேலை எவ்வளவு கடினமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 20 செ.மீ. விட்டமுள்ள துளையை 60 செ.மீ. கனமுள்ள பனிக்கட்டியில் இடுவதாகக் கொள்வோம். வெட்டி எடுக்க வேண்டிய பனிக்கட்டியின் பருமன் ஏறத்தாழ 18,850 கன செ.மீ.; நிறை 17 கிலோகிராமுக்கு மேல். மீன் இருக்குமிடம் தெரியாததால் ஒரே நாளில் பத்துப் பதினைந்து துளைகள் இட வேண்டி வரும். கையில் தூக்கிச் செல்லத்தக்க எஞ்சின் ஒன்று கிடைத்தபோது மீனவர்கள் அதை ஆவலுடன் ஏற்றதில் வியப்பில்லை.

முதல் விடை: அமுக்கம்

1860இல் பாரிஸ் நகரில் லெனோயர் என்பவர் அமைத்த வாயு எஞ்சின், கலவையை அமுக்காமலேயே எரித்தது. அதனால் எரிபொருள் மிகுதியாகச் செலவாயிற்று. கிடைத்த ஆற்றலோ சொற்பம். 1876இல் ஜெர்மனியின் ஆட்டோ, கலவையை முதலில் அமுக்கி, பின்னர் எரித்தார். உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் என்று பிஸ்டனின் நான்கு வீச்சுகளில் ஒரு சுற்று முடிந்தது.

ஆனால் நான்கு வீச்சுகளில் ஒன்றுதான் வேலை செய்கிறது. இதைக் குறைக்க முடியாதா? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டுகால்டு கிளெர்க் 1878இல் இரு வீச்சு எஞ்சினை உருவாக்கினார். எனினும் புதுக் கலவையை உள்ளே தள்ளுவதற்கு அவருக்குத் தனியாக இன்னொரு சிலிண்டர் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே, 1889இல் அதற்கு எளிய வழி கண்டார். பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறையையே பம்பாகப் பயன்படுத்தினார். பிஸ்டன் மேலே செல்லும்போது கலவை கிராங்க் அறைக்குள் உறிஞ்சப்படுகிறது. கீழே வரும்போது அது சிலிண்டருக்குள் தள்ளப்படுகிறது. அவரிடம் பணியாற்றிய பிரடெரிக் காக், 1892இல் பிஸ்டனே எல்லா வாயில்களையும் திறந்து மூடும்படி அமைத்தார். வால்வுகள் மறைந்தன. எஞ்சின் இலேசாயிற்று.

இதன் பயனைத் தண்ணீரிலும் தரையிலும் கண்டார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஒலே எவின்ரூடு, 1909இல் மில்வாக்கி நகரிலிருந்து படகின் பின்புறம் மாட்டும் சிறு மோட்டார்களை விற்கத் தொடங்கினார். பின்னாளில் மரமறுக்கும் சங்கிலி ரம்பத்திலும், பனித் துளைப்பானிலும், நம் நாட்டில் 1980இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டிலும் இருந்தது இதே இரு வீச்சு எஞ்சின்தான்.

இனி, டே தந்த விடையில் மறைந்திருந்த பழுதைப் பாருங்கள். கிராங்க் அறை பம்பாக வேலை செய்வதால் அதில் எண்ணெய் தேக்கி வைக்க முடியாது. ஆகவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலக்க வேண்டும். 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு, 50 பங்குக்கு 1 பங்கு என்று எஞ்சினைச் செய்தவர் சொல்லும் அளவில் கலக்கிறார்கள். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரைக் கீறும்; வளையங்கள் தேயும்; அமுக்கம் குறையும். கூடினால் புகை வாயிலில் கரி படியும். எஞ்சின் கிளம்பினாலும் வலு இராது. கிராங்க் அச்சு வெளியே வரும் இடத்திலுள்ள ஆயில் சீல் தேய்ந்தால், அவ்வழியே காற்று உள்ளே புகுந்து கலவையைக் கெடுக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் ஆயில் சீல் தேய்ந்தால் எண்ணெய் ஒழுகும். இதிலோ எஞ்சினே நின்றுவிடும்.

இரண்டாம் விடை: எரிபொருள்

எரிவது திரவப் பெட்ரோல் அன்று. அதன் ஆவியே எரிகிறது. 1893இல் ஜெர்மனியின் மேபாக், பெட்ரோலை நுண்துளை வழியே தெளிக்கும் கார்புரேட்டரை அமைத்தார். ஹங்கேரியின் பாங்கியும் சோங்காவும் அதே ஆண்டில் அத்தகைய அமைப்புக்குக் காப்புரிமை பெற்றனர். இவ்வகைக் கார்புரேட்டரில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை காக்கிறது. மிதவைக்கு மேல், கீழ் என்ற வேறுபாடு தேவை. சங்கிலி ரம்பத்தைச் சாய்த்தால் மிதவை பயன்படாது. ஆகவே இரண்டாம் உலகப் போருக்குப் பின் சவ்வுக் கார்புரேட்டர் சிறு எஞ்சின்களில் பரவியது. மெல்லிய சவ்வு ஒன்று அழுத்த வேறுபாட்டால் அசைந்து பெட்ரோலை அளந்து விடுகிறது. பனித் துளைப்பான்கள் பலவற்றில் இருப்பது இதுவே.

இதன் பழுது சவ்வில்தான். நாட்பட்ட பெட்ரோலில் கிடந்தால் சவ்வு விறைத்துவிடும். கோடை முழுவதும் தொட்டியில் விடப்பட்ட பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவை நுண்துளையில் விட்டுச் செல்லும். அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 விழுக்காடு எத்தனால் உள்ளது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். தொட்டியில் சேர்ந்த நீர்த்துளி உறைந்து குழாயை அடைப்பதும் உண்டு.

குளிர் இன்னொரு தொல்லையும் தருகிறது. ஒரே அழுத்தத்தில் வாயுவின் அடர்த்தி அதன் தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். 27° செ. என்பது 300 கெல்வின், −23° செ. என்பது 250 கெல்வின். எனவே குளிர்காற்றின் அடர்த்தி 1.2 மடங்கு. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று போதும். கோடையில் சரியாக அமைத்த எஞ்சினில் குளிர்காலத்தில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்துவிடுகிறது. பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்த எண்ணெயும் குறையும். எஞ்சின் சூடேறி இறுகிப் போகக்கூடும். கார்புரேட்டரின் திருகைச் சிறிது தளர்த்திப் பெட்ரோலைக் கூட்டுவது இதனால்தான். கிளப்பும்போது சோக்கை மூடுவதும் இதே காரணம் பற்றியே. குளிரில் பெட்ரோலின் ஒரு சிறு பகுதியே ஆவியாவதால், பெட்ரோலை மிகுதியாக விட்டு, போதிய ஆவியைப் பெறுகிறோம்.

மூன்றாம் விடை: தீப்பொறி

பாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் இங்கே வேலைக்கு வருகிறது. 1887இல் ராபர்ட் போஷ் நிலையான எஞ்சின்களுக்குத் தாழ்ந்த மின்னழுத்த மேக்னெட்டோவைச் செய்தார். 1902இல் அவரிடம் பணியாற்றிய காட்லாப் ஹோனால்டு, உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் அமைத்தார். பேட்டரி தேவையில்லை. கயிற்றை இழுத்ததும் சுழல்சக்கரத்திலுள்ள காந்தம் கம்பிச் சுருளைக் கடக்கிறது. தக்க தருணத்தில் பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் பிரிகின்றன. பல்லாயிரம் வோல்ட் பிறந்து பிளக்கில் பொறி பாய்கிறது.

தொடுமுனைகளில் ஈரமும் அழுக்கும் படிந்தால் பொறி வராது. குளிர்ந்த எஞ்சினை வெப்பமான அறைக்குள் கொண்டு சென்றால் அதன்மேல் ஈரம் படிவதைக் காணலாம். தொடுமுனையே இல்லாத மின்னணு அமைப்பு பின்னர் வந்ததும் இப்பழுது பெரிதும் நீங்கியது.

டே எளிய வழி கண்ட அதே 1889இல், பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலர் ஒரு விதியைக் கண்டார். பொறி பாய்வதற்கு வேண்டிய மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்பதே அது. எனவே வெளியே எடுத்துப் பார்க்கும்போது பொறி காட்டும் பிளக், சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவையில் பொறி காட்டாமலும் போகலாம். பிளக்கின் இடைவெளியை 0.6 அல்லது 0.7 மி.மீ. என்று நுட்பமாக அளப்பதன் காரணம் இதுவே.

பழுது பார்க்கும் வரிசை

அமுக்கம், எரிபொருள், பொறி என்ற வரிசையில் வரலாறு நடந்தது. மெக்கானிக்கோ அதைத் தலைகீழாக நடத்துகிறார். பொறியைச் சோதிக்க ஒரு ஸ்பானர் போதும். அமுக்கக் குறைவைச் சரி செய்ய எஞ்சினையே பிரிக்க வேண்டும். எளியதை முதலில் பார்ப்பதே முறை.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் மிகுந்துவிட்டது. உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. அடுத்து, பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் உலோகத்தில் தொடவைத்து, கயிற்றை இழுங்கள். நீலநிறப் பொறி தெரிய வேண்டும். பிளக்கின் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். ஆகவே பொறியை அதனருகில் காட்டக் கூடாது. பொறி இருந்தும் எஞ்சின் கிளம்பாவிட்டால் பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதியதை ஊற்றி, வடிகட்டியையும் சவ்வையும் பாருங்கள். இறுதியாக, பிளக்கை மாட்டிவிட்டுக் கயிற்றை மெல்ல இழுங்கள். கை எதிர்ப்பை உணர வேண்டும். எதிர்ப்பே இல்லையெனில் வளையம், சிலிண்டர், சீல் ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கும். அதைப் பனியின் மேல் சரி செய்ய இயலாது. எஞ்சின் ஓடியும் துளை விழாவிட்டால் எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம், அலகு மழுங்கியிருக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. குளிருக்கு அஞ்சி மூடிய கூடாரத்துக்குள் எஞ்சினை ஓட்டக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிரைப் போக்கிவிடும்.

துளைப்பான்கள் பலவற்றுக்கு எஞ்சின் தந்து வந்த அமெரிக்காவின் டெக்கம்சே தொழிற்சாலைகளில் எஞ்சின் தயாரிப்பு 2008இல் நின்றது. இப்போது லித்தியம் பேட்டரியில் ஓடும் துளைப்பான்கள் பரவி வருகின்றன. பேட்டரிக்கும் குளிர் பகையே, −20° செ. வெப்பநிலையில் அது தரும் ஆற்றல் குறைந்துவிடும்.

நம்மில் பலர் உறைந்த ஏரியைக் கண்டதில்லை. ஆனால் வயலில் மருந்து தெளிக்கும் பெட்ரோல் தெளிப்பானை உங்கள் ஊரில் காணலாம்; அவற்றில் பலவற்றில் இருப்பது டேயின் எஞ்சின்தான். அது கிளம்ப மறுக்கும் நாளில் கயிற்றை இழுத்துக்கொண்டே இராதீர்கள். பிளக்கைக் கழற்றி, அது ஈரமா உலர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.